அப்பாவின் ஹெரால்டு

புனேயில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் பல மழைக்காலம் நனைந்து கிடந்தது அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டே அதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸும் இதிலிருந்து பிறந்ததுதான்.

நான் செய்த தவறு, முதலில் பெயின்ட் அடித்தது! அடுத்த மழைக்கே துரு எட்டிப் பார்த்தது. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடி, போல்ட் போட்டுப் பொருத்திய பகுதிகளால் ஆனது, வீட்டிலேயே கழற்றலாம். ஆகவே முதலில் பாடியைக் கழற்றி, சேஸிஸில் துரு அரித்த இடங்களை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். பிறகு பிரேக், என்ஜின். பெயின்ட் கடைசியில்தான்.

இரண்டு வருடம் ஆயிற்று. ஸ்டியரிங்கைத் தடவிய அப்பா, "நம்ம மெட்ராஸ் வண்டிடா" என்றார்.