ஃபோல்டர் திறக்க நேரமாகுதா? ஃபார்மட் பண்ணும் முன் இதைப் படியுங்கள்!



போன மாதம் நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மூன்று குழுக்களின் கடன் விண்ணப்பம் வங்கிக்குப் போக வேண்டிய கடைசி நாள் அது. தீர்மான நகல், உறுப்பினர் பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்குது. கணக்காளர் ஃபோல்டரைத் திறந்தார். மேலே ஒரு பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து போகுது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. டீ குடிச்சிட்டு வந்து பார்த்தாலும் அதே கோடுதான். "அக்கா, நம்ம கணக்கெல்லாம் போயிருச்சா?" என்று ஒரு சகோதரி கேட்டதும் எல்லோருக்கும் வயிறு கலங்கிவிட்டது.

ரிப்பேர் கடையில் கேட்டோம். "பழைய மிஷின், ஃபார்மட் பண்ணணும்" என்றார்கள். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. நகல் எடுக்காமல் நாம் தலையாட்டியிருந்தால் பல வருடக் கணக்கு போயிருக்கும்!

நல்லவேளை, பக்கத்து வட்டாரத்தில் கணக்கு எழுதும் சகோதரிக்குப் போன் போட்டோம். "அவசரப்படாதீங்க அக்கா, அந்த ஃபோல்டர்ல போட்டோ நிறைய இருக்கா?" என்று கேட்டார். ஆமாம், இருந்தது. அவர் சொன்னபடி செய்தோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வங்கி மூடும் முன்பே விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது.

ஏன் இப்படி ஆகிறது?

விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு வகையில் சேர்த்து வைக்கிறது. பொதுவானது, ஆவணம், படம், பாட்டு, வீடியோ என ஐந்து வகை. உள்ளே இருப்பதைப் பார்த்து வகையை அதுவே முடிவு செய்துகொள்ளும்.

நாம் என்ன செய்தோம்? கூட்டத்தில் எடுத்த போட்டோ, பயிற்சி போட்டோ, ஆதார் நகல் எல்லாவற்றையும் போனிலிருந்து கணக்கு ஃபோல்டரிலேயே கொட்டினோம். 'இது பட ஃபோல்டர்' என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. பட ஃபோல்டர் என்றால் அது பெயரை மட்டும் காட்டிவிட்டு விடாது. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் போய், எப்போது எடுத்தது என்று பார்த்து, சின்னப் படமும் தயார் செய்யும். அலமாரியில் எத்தனை ஆல்பம் இருக்குன்னு கேட்டால், ஒவ்வொன்றாகத் திறந்து எல்லாப் போட்டோவையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது மாதிரிதான். ஆயிரக்கணக்கில் ஃபைல் இருந்தால் நேரம் ஆகத்தானே செய்யும்?

செய்ய வேண்டியது

1. தாமதமாகும் ஃபோல்டரைத் திறக்காமல், அதன் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள்.
2. வரும் பட்டியலில் 'பிராபர்ட்டீஸ்' என்பதைத் தொடுங்கள்.
3. மேலே 'கஸ்டமைஸ்' என்ற பகுதிக்குப் போங்கள்.
4. 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்று இருக்கும். அதன் கீழே உள்ள பெட்டியில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.
5. அதன் கீழுள்ள சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேரும். பிறகு 'ஓகே' கொடுங்கள்.

பயப்பட வேண்டாம், இதனால் எந்த ஃபைலும் அழியாது. வேண்டுமானால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

இன்னும் தாமதமானால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குப் போய், 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்பதில் டிக் போடுங்கள். சின்னப் படம் தெரியாது. ஆனால் ஃபோல்டர் சீக்கிரம் திறக்கும்.

கவனம்!

எல்லா ஃபோல்டரும் தாமதமானாலோ, மிஷினுக்குள் 'கடகட' என்று புதுச் சத்தம் கேட்டாலோ, ஹார்டு டிஸ்க் கெட்டுப்போகும் அறிகுறியாக இருக்கலாம். அப்போது வேறு எதையும் நோண்டாமல், முதலில் கணக்கு ஃபைல்களை பென் டிரைவில் நகல் எடுங்கள். அப்புறம்தான் மெக்கானிக். யார் 'ஃபார்மட்' என்று சொன்னாலும், "நகல் எடுத்தாச்சா?" என்று நாம் முதலில் கேட்க வேண்டும்.

இனி நம் பழக்கம்

தீர்மானப் புத்தகம் தனி, ரொக்கப் புத்தகம் தனி, கடன் பேரேடு தனி என்று வைத்திருக்கிறோம். ரொக்கப் புத்தகத்தில் யாராவது போட்டோ ஒட்டுவோமா? கம்ப்யூட்டரிலும் அதே ஒழுங்கு வேண்டும். போட்டோவுக்குத் தனி ஃபோல்டர், கணக்குக்குத் தனி ஃபோல்டர். அதற்குள் வருடவாரியாக, குழுவாரியாகப் பிரித்து வையுங்கள். மாதக் கூட்டம் முடிந்ததும் ஒரு நகல் எடுத்து, வேறு இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது நம் உறுப்பினர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தின் கணக்கு. அதைக் காப்பது கணக்காளர் ஒருவரின் வேலை மட்டுமில்லை. அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பேராவது செய்து பழகுங்கள்.