ரத்தம் கொடுக்கப் போனாள்... ‘உனக்கே பத்தாது’ என்றார்கள்!

காலை ஏழு மணிக்கு முன்பாக உடன்குடி பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பாருங்கள். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், ஈரம் காயாத பின்னல் என்று கல்லூரிப் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். சிலருக்குச் சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் திருச்செந்தூர். சிலருக்கு அதையும் தாண்டி நெல்லை, பாளையங்கோட்டை. ‘காலையில சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறவர்கள்தான் அதிகம்.

“ஏட்டி, ரெண்டு இட்லியப் பிச்சுப் போட்டுட்டுப் போயேன்!”

“பஸ்ஸு போயிரும்மா. காப்பி போதும்!”

அப்படி ஒரு வீட்டில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். பெண்ணின் பெயர் வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று இரண்டு பேப்பரில் அரியர் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் பையை எறிந்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். புத்தகத்தைத் திறந்தால் தலைவலி. “எல்லாம் அந்தப் போனால வந்த கேடு” என்றார் அம்மா. அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். “படிச்சது போதும். நிறுத்திப்புட்டு மாப்பிள்ளை பாப்போம்.”

இந்த நிலையில்தான் செப்டம்பர் கடைசியில் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ரத்ததான முகாம் அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள். அதனால் அந்த ஒரு வாரத்தில் கல்லூரிகளில் முகாம்கள் நிறைய நடக்கும். தோழிகள் பெயர் கொடுத்தார்கள், இவளும் கொடுத்தாள்.

முகாமில் முதலில் எடை பார்த்தார்கள். 45 கிலோவுக்குக் குறைந்தால் ரத்தம் எடுக்க மாட்டார்கள். இவள் 46, தப்பித்தாள். அடுத்து விரல் நுனியில் ஒரு சின்னக் குத்து. வந்த துளியை நீல நிறத் திரவம் இருந்த குவளையில் விட்டார்கள். அது மயில்துத்தக் கரைசல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் துளி கனத்து, பதினைந்து விநாடிக்குள் அடியில் போய்விடும். தோழியின் துளி மூழ்கியது. இவளுடையது மேலேயே நின்றது.

“உனக்கே பத்தாதும்மா. டாக்டரைப் போய்ப் பாரு” என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பியது அவளுக்கு அவமானமாகப் போயிற்று. சீட்டைப் பைக்குள் திணித்தவள், வீட்டில் மூச்சு விடவில்லை.

மூன்று வாரம் அந்தச் சீட்டு பையிலேயே கிடந்தது. பஸ்ஸில் கூட வரும் பெண், தன் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொல்லி, அது கோயில் வாசலில் இந்த அம்மாவின் காதுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. திருச்செந்தூர் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் 8.6!

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்த சோகை. 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. இவள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் தினமும் பஸ் பிடித்திருக்கிறாள். இதே உடம்போடு கல்யாணமும் ஆகி, கர்ப்பமும் ஆகியிருந்தால்? ரத்த சோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு, மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இது ஏதோ ஒரு வீட்டு விவகாரம் என்று நினைக்காதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. வசதியான வீடுகளிலும் இருக்கிறது.

கருப்பட்டி ஊரிலா ரத்த சோகை?

ஆச்சிக்குத்தான் ஒப்பவே இல்லை. “கருப்பட்டிக் காப்பி குடிச்சு வளந்த பிள்ளைக்கு எப்படி ரத்தம் இல்லாமப் போவும்?”

நியாயமான கேள்வி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வெள்ளைச் சீனிக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு டம்ளர் காப்பியில் கரையும் துண்டில் உள்ள இரும்புச்சத்து சொற்பம். பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். போதாக்குறைக்கு, காப்பியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள், சாப்பாட்டில் இருக்கும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சாப்பிட்ட கையோடு குடிக்கும் காப்பி கருப்பட்டிக் காப்பியாகவே இருந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது. காணத் துவையல், கம்பங்கூழ், கீரை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாளை மீன், ஆட்டு ஈரல். மீன், இறைச்சியில் உள்ள இரும்பு சுலபமாக உடம்பில் ஒட்டும். சைவச் சாப்பாட்டோடு எலுமிச்சம்பழமோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் அதில் உள்ள ‘வைட்டமின் சி’ இரும்பைக் கைப்பிடித்து அழைத்துப் போகும். டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் வைக்கும் அம்மாமார்கள், பக்கத்தில் உருளைக்கிழங்குக்குப் பதில் காணத் துவையல் வையுங்களேன்!

ஆனால் 8.6 வரைக்கும் இறங்கிவிட்ட பிறகு சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது, மாத்திரை வேண்டும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கல் வரும். இதற்குப் பயந்து பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார். பாலோடும் காப்பியோடும் மாத்திரையை விழுங்காதீர்கள்.

டாக்டர் வேறு இரண்டு கேள்வியும் கேட்டார். மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது? அம்மாவுக்கே தெரியவில்லை! ஏழெட்டு நாள் அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததை ‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். அடுத்து, தோட்டம் துரவுக்குச் செருப்பில்லாமல் போவதுண்டா? ஈர மணலில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே ஏறும். குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். எல்லா ரத்த சோகைக்கும் இரும்புக் குறைவே காரணம் என்றும் இல்லை. பரிசோதனை செய்யாமல் மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடிப்பது வீண் வேலை.

நோட்டீஸ் போர்டில் என்ன இருக்கிறது?

1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவான பிறகு நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம் என்று பல அமைப்புகள் உண்டு. ரத்த முகாம், கண் பரிசோதனை, மருத்துவர் பேச்சு என்று ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், மாலை நிகழ்ச்சிக்கு ஹாஸ்டல் பிள்ளைகள் போவார்கள். ஊருக்குப் போகிற பிள்ளை நாலு மணி பஸ்ஸைத்தான் பார்க்கும். (தண்ணீர் பாட்டில்கூடக் குறையாமல் வீடு திரும்பும். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம்! சிறுநீர்த் தொற்றுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.)

முகாம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்த நாட்களில் குலசை தசராவுக்கு மாலை போட்டு, ஒருவேளை உண்டு விரதம் இருக்கும் மாணவ மாணவியரும் உண்டு. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கவே கூடாது. விரதம் முடித்துக் கொடுத்தால் முத்தாரம்மன் கோபிக்க மாட்டாள். மாதவிலக்கு நாட்களிலும் வேண்டாம். ஒருமுறை கொடுத்த ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் பொறுக்க வேண்டும். 12.2 இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் பதற வேண்டாம், அது ரத்த சோகை இல்லை. தானம் கொடுக்க மட்டும் போதாது, அவ்வளவுதான்.

சோர்வுக்கு ரத்தம் காரணமில்லை என்றால்? ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் பிள்ளை யாருடனும் பேசாமல், தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் அது மனசின் நோயாக இருக்கலாம். அதையும் ‘போனால வந்த கேடு’ என்று தள்ளிவிடாதீர்கள். 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அவர் யார், எந்த அறையில் உட்கார்கிறார் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். 2022-ல் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசிச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் பேசலாம்.

உடன்குடி வீட்டில் இப்போது காலையில் ஒரு மாறுதல். இட்லி தட்டில் இல்லை, வாழை இலையில் சுருட்டிப் பைக்குள் போகிறது. சீட்டுக் கிடைத்ததும் பஸ்ஸிலேயே சாப்பாடு. காப்பி சாயங்காலத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 11.4. “இன்னும் மூணு மாசம் மாத்திரையை விடாத, சேமிப்பும் நிரம்பணும்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அரியரில் ஒரு பேப்பர் பாஸாகிவிட்டது. இன்னொன்றை நவம்பரில் எழுதப் போகிறாள். மாப்பிள்ளைப் பேச்சை அப்பா இப்போதைக்கு எடுப்பதில்லை.