முறுக்கிச் சுற்றினால் போதுமா?

வாகனம் ஓட்டிக் குடும்பம் பார்க்கும் சகோதரிகளே, லைற் வயர் அறுந்தால் என்ன செய்கிறீர்கள்? பலரும் இரு முனைகளையும் முறுக்கிக் கறுப்பு ரேப்பைச் சுற்றிவிடுவார்கள். லைற் எரியும். ஆனால் ஓட்டத்தில் வண்டி அதிர அதிர முறுக்கு தளரும். மழை ஈரத்தில் செம்பு பச்சை பிடிக்கும். அந்த இடத்தில் மின்தடை கூடும்.

12 வோல்ற் பற்றரியில் 60 வாற் பல்ப் 5 அம்பியர் எடுக்கும். இணைப்பில் அரை ஓம் தடை ஏற்பட்டால் 8 வாற்றுக்கு மேல் வெப்பம் அந்த விரற்கடை இடத்திலேயே தேங்கும். ரேப் உருகும், பக்கத்து வயரும் கருகும். பியூஸ் காப்பாற்றாதா? காப்பாற்றாது. மின்னோட்டம் மிஞ்சினால்தான் பியூஸ் எரியும். இங்கே அது குறையவே செய்கிறது. பல்ப் மங்குவதுதான் எச்சரிக்கை.

முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். வெப்பத்தில் சுருங்கும் குழாய்த் துண்டை வயரில் முன்கூட்டியே கோர்த்துவிடுங்கள். ஒட்டியபின் கோர்க்க வழியில்லை. இரண்டு சென்ரிமீற்றர் அளவு தோலுரித்து, முறுக்கி, சூட்டுக்கோலால் வயரைச் சூடாக்கி அதில் ஈயத்தை உருகவிடுங்கள். ஈயத்தை மட்டும் உருக்கி ஊற்றினால் ஒட்டாது. பிறகு குழாயை இழுத்துச் சூடுகாட்டுங்கள். ஈயம் பட்ட இடம் விறைப்பாகிவிடும். ஆடி முறியாதபடி அருகே கட்டிவிடுங்கள்.

“பொம்பிளையளுக்கு இது விளங்காது” என்று கராஜில் சொல்வார்கள். ரேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.