மோட்டார் காரின் மௌனம்

வேகமானியின் முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். எச்சரிக்கை விளக்குகள் ஒருசேர எரியும். என்ஜின் மட்டும் எவ்விதக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கோலத்தில் பட்டறைக்கு வந்து நிற்கும் காரைக் கண்டு, எல்லாமே கெட்டுவிட்டதென்று அதன் சொந்தக்காரர் கலங்குவது இயல்பே. பழகிய மெக்கானிக்கோ, பல உறுப்புகள் ஒரே கணத்தில் கெடுவது அபூர்வம் என்று அறிந்தவராதலால், கெட்டது ஏதோ ஒன்றுதான் என்றும், அது அனைத்துக்கும் பொதுவானதாக இருக்கவேண்டும் என்றும் ஊகித்துக்கொள்வார். அந்தப் பொதுப்பொருள், பெரும்பாலும், வண்டிக்குள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும் இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகளாகவே இருக்கும்.

முற்காலத்துக் கார்களில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு மானிக்கும் தனித்தனி ஒயர் சென்றது. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று எனச் சிறு கம்ப்யூட்டர்கள் காருக்குள் குடியேறிய பிறகு, அவை யாவும் தமக்குள் பேசிக்கொள்ளத் தனித்தனி ஒயர் இழுப்பதென்றால் வண்டியே ஒயர்க்கட்டாகிவிடும் என்ற நிலை வந்தது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983-ல் இதற்குப் பரிகாரம் காண முற்பட்டு, 1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ‘கேன்’ என்னும் முறையை வெளியிட்டது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே ஜோடிக் கம்பியில் தொற்றிக்கொண்டு சம்பாஷிக்கும் முறை அது.

இந்தச் சபைக்குத் தலைவர் கிடையாது; ஆயினும் கட்டுப்பாடு உண்டு. இங்கே அனுப்பப்படும் செய்தி இன்னாருக்கு என்ற விலாசத்தைத் தாங்குவதில்லை. இன்ன விஷயம் என்று குறிக்கும் எண்ணையே தாங்குகிறது. சக்கர வேகத்தைப் பிரேக் கம்ப்யூட்டர் ஒருமுறை அறிவித்தால், தேவைப்பட்டவை அனைத்தும் அதைக் கேட்டுக்கொள்ளும். இரண்டு ஒரே சமயத்தில் வாய்திறந்தால், சிறிய எண்ணுடைய செய்தியே முக்கியமென்று கருதி, மற்றது தானாகவே அடங்கிக் காத்திருக்கும். மேலும், ஒரு கம்ப்யூட்டரின் பேச்சு ஓயாமல் பிழைபட்டால், அது தன் பிழைகளைத் தானே எண்ணிவந்து, கணக்கு 255-ஐத் தாண்டியதும் சபையைக் கெடுக்காமல் ஒதுங்கிக்கொள்ளும்.

பேச்சில்லாதபோது இரு கம்பிகளிலும் சுமார் 2.5 வோல்ட் நிற்கும். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏற, மற்றது 1.5-க்கு இறங்கும். கேட்பவை இவ்விரண்டின் வித்தியாசத்தையே கவனிக்கின்றன. முறுக்கிச் சேர்த்த கம்பிகளாதலால், வெளியிலிருந்து புகும் மின் இரைச்சல் இரண்டையும் ஏறக்குறைய சமமாகவே தாக்கி, வித்தியாசத்தைப் பாதிக்காமல் போய்விடுகிறது.

இனி பழுது பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். ஸ்கேனரை மாட்டியதும் ‘யு’ என்று தொடங்கும் குறியீடுகள் வரிசையாக வரும். யு0100 என்றால் என்ஜின் கம்ப்யூட்டரோடும், யு0121 என்றால் பிரேக் கம்ப்யூட்டரோடும் தொடர்பு அறுந்தது என்று பொருள். அனுபவமில்லாதவர், புகார் எழுதிய கம்ப்யூட்டரையே குற்றவாளியாக்கி, பெரும்பணம் கொடுத்து அதை மாற்றிவிடுகிறார். உண்மையில் அது சாட்சி மாத்திரமே. நான்கு கம்ப்யூட்டர்கள் ஒரே ஒன்றைப் பற்றி ‘அதன் குரல் கேட்கவில்லை’ என்று சொன்னால், விசாரிக்கவேண்டியது அந்த மௌனியைத்தான். அந்த மௌனியும் கெட்டுப்போயிருக்கவேண்டும் என்பதில்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் விட்டுப்போயிருக்கலாம், அதன் வாசலில் கம்பி அறுந்திருக்கலாம்.

ஒன்றுமே பேசாமல் சபை முழுவதும் ஸ்தம்பித்துவிட்டால், மெக்கானிக் பாட்டரியைக் கழற்றிவிட்டு, சிறிது பொறுத்து, மல்டிமீட்டரை எடுக்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு துளைச் சாக்கெட்டில், பெரும்பாலான கார்களில், 6-ம் 14-ம் துளைகளே கேன் கம்பிகள். கம்பி ஜோடியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இணைந்திருப்பதால், நலமான வண்டியில் மீட்டர் 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனையின் தடை துண்டுபட்டது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் இரு கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொட்டுவிட்டன. பின்னதானால், ஒவ்வொரு கம்ப்யூட்டரின் கனெக்டராகக் கழற்றிக்கொண்டே மீட்டரைக் கவனிக்கவேண்டும். எதைக் கழற்றியதும் எண் ஏறுகிறதோ, குற்றம் அதனிடத்தில் இருக்கிறது. எதைக் கழற்றியும் ஏறாவிட்டால் ஒயர்க்கட்டையே பிரித்துப் பார்க்கவேண்டியதுதான்.

அப்படிப் பிரித்துத் தேடினால், பெரும்பாலும் கிடைப்பது அற்பமான காரணமே: உராய்ந்து தோல் போன ஒயர், எலி கடித்த இடம், மழைநீர் இறங்கிப் பச்சைக் களிம்பேறிய ஒரு பின். அறுந்ததை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடுவது எளிய காரியம். ஆனால் முறுக்கை அவிழ்த்தபடி விட்டுவிடாமல், முன்பிருந்தவாறே திரும்ப முறுக்கிவைப்பவனே தொழில் தெரிந்தவன். பின்பு மீண்டும் அளந்து, 60 வந்ததும் பாட்டரியை மாட்டி, பழைய குறியீடுகளை அழித்து, என்ஜின் ஓடுகையில் ஒயர்க்கட்டைக் கையால் அசைத்துப் பார்க்கிறார். விளக்குகள் அணைந்தே இருக்கின்றன. சாலையில் இறங்கியதும் முள் எழுகிறது. மாற்றப்படவேண்டும் என்று யாரோ சொல்லியிருந்த கம்ப்யூட்டர் தன் இடத்திலேயே இருக்க, சொந்தக்காரரின் உள்ளங்கையில் வைக்கப்படுவது அரை அங்குல நீளப் பச்சை பூத்த பின் ஒன்றே.