ஜெயிலுக்குள் ஒரு மளிகைக் கடை!

கைதி ஒருவர் கடைக்குப் போகிறார்.

கையில் விலங்கு இல்லை. பின்னால் வார்டர் இல்லை. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு கடை முழுவதும் சுற்றுகிறார். வேண்டிய சாமான்களை எடுக்கிறார். பணம் கட்டும் இடத்துக்கு வருகிறார். அங்கே ஆளைக் காணோம்! ஓர் இயந்திரம் மட்டும் நிற்கிறது. கைதி திகைத்துப்போய் விழிக்கிறார்.

அப்போது அவர் எங்கே இருக்கிறார் தெரியுமா? ஜெயிலுக்குள்ளேதான்! நாலு சுவருக்கு நடுவே, முகத்தில் ஒரு கறுப்புக் கருவியை மாட்டிக்கொண்டு நிற்கிறார். கடையும் பொய். வண்டியும் பொய். திகைப்பு மட்டும் மெய்.

இந்த விசித்திரப் பாடம் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2017-ல் நடந்தது. இடம், ஃப்ரீமாண்ட் சிறைச்சாலை. அந்தக் கருவிக்கு "விர்ச்சுவல் ரியாலிட்டி" என்று பெயர். சுருக்கமாக வி.ஆர். என்பார்கள். இல்லாத இடத்தை இருப்பதுபோல் காட்டும் மாயக் கண்ணாடி அது.

பிள்ளையாகப் போய், கிழவராக வந்தவர்

கடைக்குப் போக ஒரு மனிதனுக்குப் பாடம் எதற்கு?

அமெரிக்காவில் 18 வயது ஆகாத பையன்களுக்குக்கூட, சாகும்வரை ஜெயில் என்று தண்டனை கொடுத்து வந்தார்கள். 2012-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், "சிறுவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தண்டனையை விதிக்கக் கூடாது" என்று தீர்ப்பளித்தது. 2016-ல், "பழைய கைதிகளுக்கும் இது பொருந்தும்" என்று சொல்லிவிட்டது. வெளியே வரவே முடியாது என்று இருந்த பலருக்குக் கதவு திறந்தது!

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜோ லிகன். 1953-ல், 15 வயதில் உள்ளே போனார். வெளியே வந்தது 2021 பிப்ரவரியில். அப்போது வயது 83! 68 வருடம் கம்பிக்குள்ளேயே போய்விட்டது. அவர் உள்ளே போனபோது நெய்வேலி நிலக்கரி நிறுவனமே பிறக்கவில்லை. அது 1956-ல்தான் ஏற்பட்டது. வெளியே வந்த கிழவர் பிலடெல்பியா நகரின் உயரமான கட்டிடங்களை அண்ணாந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்.

இப்படிப்பட்டவர்களை ஒருநாள் காலையில் வாசலில் கொண்டுபோய் விட்டு, "போய் வாரும்" என்றால் எங்கே போவார்கள்? சொந்தமாக ஒரு துணி வாங்கியதில்லை. வாடகை கொடுத்ததில்லை. பாங்குக் கணக்கு வைத்ததில்லை. பையனாக உள்ளே போனவருக்கு, பெரிய மனிதனாக வாழ்ந்து பழக்கமே இல்லை.

அதனால்தான் கொலராடோவில் 2016-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். சிறு வயதில் குற்றம் செய்து, 20 வருடத்துக்கு மேல் ஜெயிலில் கழித்தவர்களுக்கு மூன்று வருடப் பயிற்சி. அதில் ஒரு பகுதிதான் மாயக் கண்ணாடி. கடையில் சாமான் வாங்குவது, இயந்திரத்தில் தாமே கணக்குப் போட்டுப் பணம் கட்டுவது, துணி துவைக்கும் மெஷினை ஓட்டுவது, சமைப்பது எல்லாம் அதில் பாடங்கள். பென்சில்வேனியா மாநிலத்தில், விடுதலைக்குப் பிறகு தங்கப் போகும் விடுதியை முன்கூட்டியே கண்ணாடியில் சுற்றிக் காட்டினார்கள். புது இடத்தின் பயம் கொஞ்சம் தெளியட்டும் என்றுதான்!

குள்ளஞ்சாவடிக்காரர் திரும்பி வந்தால்?

"அமெரிக்கா சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். சரி, நம்ம ஊருக்கே வருவோம்.

கடலூரில் கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் விடுதலையாகிக் குள்ளஞ்சாவடிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். பெயர் முருகேசன். 2005-ல் உள்ளே போனார். 20 வருடம் கழித்து, 2025-ல் வெளியே வருகிறார்.

கடலூரில் டவுன் பஸ் ஏறுகிறார். பக்கத்தில் ஏறிய பெண்கள் காசே கொடுக்கவில்லை. கண்டக்டரும் கோபிக்கவில்லை! 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது அவருக்கு யார் சொல்வார்?

டீக்கடையில் இறங்குகிறார். ஒரு ரூபாய் போட்டுப் பேசும் டெலிபோன் பெட்டியைத் தேடுகிறார். அது போயே போய்விட்டது. டீ குடித்தவர்கள் சுவரில் ஒட்டிய கட்டம் போட்ட படத்துக்கு நேரே போனைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். உடனே ஒரு பெட்டி, "பத்து ரூபாய் வந்துவிட்டது" என்று கத்துகிறது! 2016-ல் வந்த யு.பி.ஐ. முறை இது. இன்று கீரைக்காரம்மாவும் இதில் கைதேர்ந்தவர். முருகேசனுக்குத்தான் புரியாது.

வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போன 1,000 ரூபாய் நோட்டு இருக்கிறது. 2016 நவம்பர் 8-ந் தேதி இரவோடு அது செல்லாக் காசு. ரேஷன் கடைக்குப் போனால் விரல் ரேகை கேட்கிறார்கள். செல்போனுக்குச் சிம் வாங்கப் போனால் ஆதார் கேட்கிறார்கள். நாட்டிலேயே முதல் ஆதார் அட்டை 2010-ல்தான் கொடுக்கப்பட்டது!

முந்திரித் தோப்புக்குப் போய் வேலை கேட்கலாம் என்று நினைக்கிறார். அவருக்குத் தெரிந்த தோப்பு இருக்குமோ, இராதோ! 2011 டிசம்பர் 30-ந் தேதி அடித்த "தானே" புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டது. அப்பன் பாட்டன் காலத்து மரங்கள் ஒரே காலையில் தரையில் கிடந்தன. ஊரே கூடி அழுத அந்த நாளில் முருகேசன் ஊரில் இல்லை.

ஜெயிலில் டெலிவிஷன் உண்டு, பத்திரிகை உண்டு. இடையில் விடுப்பில் வீட்டுக்கு வந்து போகிறவர்களும் உண்டு. உலகம் அடியோடு தெரியாமல் போய்விடாது. ஆனால் பார்ப்பது வேறு, செய்வது வேறு. சைக்கிள் விடுவதைப் பார்த்தே யாராவது சைக்கிள் கற்றுக்கொண்டது உண்டா?

எத்தனை பேர் இப்படி வருகிறார்கள்? 2008-ல் அண்ணா நூற்றாண்டு விழாவையொட்டி, தமிழ்நாட்டில் 1,405 ஆயுள் கைதிகள் ஒரே வீச்சில் விடுதலை ஆனார்கள். ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சட்டப்படி அது ஆயுள் முழுவதற்கும்தான். கொலை போன்ற குற்றங்களில், வழக்கமான முறையில் 14 வருடம் முடிந்தால்தான் முன்விடுதலை பற்றிப் பேச்சே எழும். ஆகவே, வருகிற ஆயுள் கைதி பெரும்பாலும் ஒரு தலைமுறையைத் தவறவிட்டு வருகிறார்.

கண்ணை ஏமாற்றும் வித்தை

இந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்கிறது? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

கட்டை விரலை முகத்துக்கு நேராக நீட்டுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விரல் இங்கும் அங்கும் குதிக்கிறது அல்லவா? இரண்டு கண்களும் இரண்டு விதமாகப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து, "இது கிட்டே இருக்கிறது, அது தூரத்தில் இருக்கிறது" என்று கணக்குப் போடுகிறது.

மாயக் கண்ணாடியில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படங்கள் ஓடுகின்றன. மூளை ஏமாந்துபோய், எதிரே உண்மையான தெரு இருப்பதாக நம்பிவிடுகிறது. 1984-ல் "மை டியர் குட்டிச்சாத்தான்" படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர்களுக்கு இந்த வித்தை ஞாபகம் இருக்கும். ஒரு வித்தியாசம்: சினிமாவில் தலையைத் திருப்பினால் பக்கத்து சீட்டுக்காரர் தெரிவார். இதில் தலையைத் திருப்பினால் தெருவின் அடுத்த பக்கம் தெரியும்! தலை திரும்புவதைக் கருவி உணர்ந்து, அந்தக் கணமே படத்தை மாற்றுகிறது. மாற்றம் கொஞ்சம் பிந்தினாலும் தலை சுற்றும், வாந்தி வரும்.

1968-ல் ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முதன்முதலில் தலையில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தார். அதன் பாரம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது! இன்று சாதாரண ஸ்மார்ட்போன் விலைக்கே நல்ல கண்ணாடி கிடைக்கிறது.

அடித்தவன் அடி வாங்குகிறான்

எல்லாவற்றிலும் வியப்பான சோதனை ஸ்பெயின் நாட்டில், பார்சிலோனாவில் நடந்தது. 2018-ல் அதன் முடிவு வெளியாயிற்று.

மனைவியை அடித்துத் தண்டனை பெற்ற ஆண்களுக்குக் கண்ணாடியை மாட்டினார்கள். உள்ளே ஒரு நிலைக்கண்ணாடி தெரிகிறது. அதில் தெரிவது அந்த ஆணின் முகம் அல்ல. ஒரு பெண்! அவன் கையைத் தூக்கினால் அவளும் தூக்குகிறாள். கொஞ்ச நேரத்தில், "நான்தான் அந்தப் பெண்" என்று மனம் நம்பிவிடுகிறது. அப்போது ஒரு முரடன் உள்ளே வருகிறான். திட்டுகிறான். கிட்டே, கிட்டே நெருங்குகிறான்...

இந்த ஆண்களிடம் ஆராய்ச்சியாளர்கள் முதலிலேயே ஒரு குறையைக் கண்டிருந்தார்கள். பெண்களின் முகத்தில் தெரியும் பயத்தை அவர்களால் சரியாகக் கண்டுகொள்ள முடியவில்லை. கண்ணாடிப் பாடத்துக்குப் பிறகு, அது பயம்தான் என்று கண்டுகொள்ளும் திறன் கூடியிருந்தது.

அதனால் அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. முகம் பார்த்துப் பயத்தை அறிவது ஒன்று, ஓங்கிய கையை இறக்குவது வேறொன்று. ஆனாலும் எந்த ஊரில்தான் இந்த முரடர்கள் இல்லை? குடித்துவிட்டு வந்து கை நீட்டும் சில புருஷர்களுக்கு, ஜெயிலுக்குப் போகும் முன்பே இந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டால் தேவலை.

கண்ணாடி மட்டும் போதுமா?

கலிபோர்னியாவில் "கிரியேட்டிவ் ஆக்ட்ஸ்" என்ற தொண்டு அமைப்பு, தனிச் சிறையில் அடைபட்டவர்களுக்கும் இந்தக் கண்ணாடியைக் கொண்டுபோயிற்று. வெளிநாட்டுத் தெருக்களைக் காட்டினார்கள். பிறகு மனதில் எழுந்ததைக் கலை மூலம் வெளியிடச் சொன்னார்கள்.

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு. "மனிதனை இருட்டறையில் தனியே பூட்டிவிட்டு, கண்ணாடியில் கடற்கரையைக் காட்டுவதா?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். செலவு மிச்சம் என்று ஆசிரியரை அனுப்பிவிட்டு, கண்ணாடியை மட்டும் மாட்டினால் அது பாடம் அல்ல. வெறும் வேடிக்கை.

பொய்த் தெருவில் நடந்து பழகியவருக்கு மெய்யான ஊரில் வேலை வேண்டும். நம் ஜெயில்களில் நெசவு, தோல் வேலை, ரொட்டி செய்வது எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். கைதிகள் செய்த சாமான்கள் சிறை அங்காடியில் விற்பனை ஆகின்றன. உள்ளே இருந்தபடியே பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை எழுதுகிறார்கள். சிவகங்கைச் சீமையில் புரசடை உடைப்பு என்ற இடத்தில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. அங்கே கைதிகள் நிலத்தில் பயிர் செய்கிறார்கள்.

"பல்லாண்டு வாழ்க" படத்தை மறக்க முடியுமா? 1975-ல் எம்.ஜி.ஆர். நடித்தது. ஆறு கைதிகளை வெளியே அழைத்துவந்து, உழைக்க வைத்துத் திருத்தும் அதிகாரியின் கதை. 1957-ல் சாந்தாராம் எடுத்த இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. அந்த இந்திக் கதைக்கு, அவுந்த் சமஸ்தானத்தில் உண்மையாக நடந்த திறந்த சிறைச் சோதனைதான் வித்து. அங்கே கண்ணாடி இல்லை. மண்ணும் மண்வெட்டியும்தான்.

நம் ஊருக்கு என்ன பாடம்?

கடலூருக்காக இப்படி ஒரு பாடம் தயாரித்தால், அமெரிக்க மளிகைக் கடை இங்கே உதவாது. கடலூர் பஸ் நிலையம் வேண்டும். பாங்கில் படிவம் பூர்த்தி செய்வது வேண்டும். ஏ.டி.எம். வேண்டும். "ஓ.டி.பி. சொல்லுங்க சார்" என்று போனில் கேட்கும் மோசடிக்காரன் கட்டாயம் வேண்டும். புதிதாகப் போன் பிடித்தவரைத்தான் அவன் முதலில் விழுங்குவான்!

இன்னொரு காட்சியும் வேண்டும். டீக்கடை பெஞ்சில் ஒருவன், "என்ன முருகேசா, மாமியார் வீடு எப்படி?" என்று எல்லார் முன்னும் கேட்கிறான். நாலு பேர் சிரிக்கிறார்கள். ரத்தம் கொதிக்கிறது. கை துடிக்கிறது. கையை ஓங்காமல், டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போவது எப்படி? ஜெயிலுக்குள் இதைப் பத்துத் தடவை ஒத்திகை பார்க்கலாம். தப்பு செய்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். குள்ளஞ்சாவடி டீக்கடையில் மறுபடி ஆரம்பிக்க முடியாது.

கண்ணாடி வருகிறவரை வீட்டாரும் சில காரியங்கள் செய்யலாம். கைதி விடுப்பில் வரும்போது சீட்டையும் பணத்தையும் அவர் கையிலேயே கொடுத்துக் கடைக்கு அனுப்பலாம். போனை அவரே இயக்கட்டும். ரேஷன் அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா, ஆதார் எடுத்தாயிற்றா என்று விடுதலைக்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். முன்விடுதலை மனு போன்ற சட்ட வேலைகளுக்கு வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ம் வருடச் சட்டம் அதை உரிமையாகவே கொடுத்திருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தாலும் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கேயே எழுதித் தருவார்கள்.