கேட்காமல் வரும் சோறு

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயிலால் பெயர்பெற்ற ஊர். திருக்காவலூர் என்று பெயர் சூட்டி வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். அந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்: ஏ.

பழைய முறையில் குறில் 'எ'வுக்குத் தலையில் புள்ளி வைப்பார்கள், நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால் 'எரி'யும் 'ஏரி'யும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தன. தீயா, நீர்நிலையா என்பதை முன்னும் பின்னும் படித்து வாசகர்தான் ஊகிக்க வேண்டும். வீரமாமுனிவர் நெடிலின் உருவத்திலேயே அடையாளத்தை வைத்தார் என்று தமிழ் எழுத்தின் வரலாறு சொல்கிறது. ஒரு சிறு கோடு. படிப்பவர் தலையில் இருந்த சுமை அத்தோடு எழுத்துக்கு மாறிவிட்டது.

சுமையை இப்படி இடம் மாற்றும் இன்னொரு ஏற்பாடு நம் ஊர்ப் பள்ளிகளில் தினமும் நடக்கிறது. மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சாம்பார் சாதமோ புளிசாதமோ, அதோடு ஒரு முட்டை. அந்த வரிசையில் நிற்க யாரும் வருமானச் சான்று காட்டவில்லை. "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று யாரும் கேட்கவில்லை. பள்ளியில் பெயர் இருக்கிறது, பசிக்கிறது. அவ்வளவு போதும்.

இது சாதாரணமாகத் தோன்றலாம். அதே பிள்ளைக்கு ஓர் உதவித்தொகை வாங்கப் புறப்பட்டுப் பாருங்கள். இ-சேவை மையத்தில் பதிவு, ஆதார், ரேஷன் கார்டு, பிறகு விஏஓ, ஆர்ஐ என்று ஒவ்வொரு படியாக மனு நகர வேண்டும். ஒரு காகிதம் குறைந்தால் மறுபடியும் நடை. கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். உதவி யாருக்கு மிக அவசியமோ, அவருக்கே அதை வாங்கும் செலவும் அதிகம்.

'எதுவும் செய்யாவிட்டால் என்ன நடக்கும்?' என்ற கேள்வியைப் பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஊழியர்கள் படிவம் நிரப்பினால்தான் ஓய்வூதியச் சேமிப்பில் சேர முடியும் என்ற நிலை இருந்தது. பாதிப் பேர்கூடச் சேரவில்லை. பிறகு விதியைத் திருப்பிப் போட்டார்கள்: எல்லோரும் தானாகச் சேர்க்கப்படுவார்கள், வேண்டாம் என்பவர் மட்டும் எழுதிக் கொடுக்கலாம். புதிதாக வந்தவர்களில் 86 விழுக்காட்டினர் திட்டத்தில் இருந்தார்கள். பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே இருவரும் 2001இல் வெளியிட்ட முடிவு இது. பணமும் மாறவில்லை, பலனும் மாறவில்லை. தொடக்கப் புள்ளி மட்டும்தான் மாறியது.

படிவம் நிரப்பாதவர் சோம்பேறி என்று நினைப்பவர்களுக்குப் பதில் நம் தமிழ்நாட்டுக் கரும்பு வயலிலேயே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் வைக்கப்பட்டன. அறுவடைக்கு முன், கையில் காசில்லாமல் கடனில் இருந்தபோது ஒரு முறை. கரும்புப் பணம் வந்த பின் இன்னொரு முறை. ஒரே மனிதர்தான். ஆனால் பணமுடை காலத்தில் அவருடைய மதிப்பெண் குறைந்திருந்தது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு அது. வறுமை அறிவைக் குறைப்பதில்லை. அறிவுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கந்துவட்டி எப்போது, அரிசி எத்தனை நாளைக்கு என்ற கணக்கே மூளையை நிறைத்துவிட்டால், மனுவின் கடைசித் தேதிக்கு அங்கே இடம் ஏது?

பணக்கார நாடுகள் இந்தப் பாடத்தை இப்போதுதான் மெதுவாகப் படிக்கின்றன. இங்கிலாந்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச உணவு வேண்டுமென்றால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். தகுதி இருந்தும் பதிவாகாத பிள்ளைகள் ஏராளம். அரசிடம் ஏற்கெனவே இருக்கும் உதவித்தொகைப் பட்டியலைப் பார்த்து, ஷெஃபீல்டு போன்ற சில நகராட்சிகள் தாங்களே பெயர்களைச் சேர்க்கின்றன. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் உணவு உதவி பெறும் வீட்டுப் பிள்ளைகளை நேரடியாகச் சேர்க்கச் சொன்னது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி ஏறி, ஏழைகள் நிறைந்த பகுதிப் பள்ளிகள் எல்லாப் பிள்ளைக்கும் விண்ணப்பமின்றி உணவு தர வழி செய்தது.

நம் பாதை வேறு. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை ஆனது. 2022 செப்டம்பர் 15 அன்று மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. ஒருவர் போட்ட பந்தியை அடுத்து வந்தவர் எடுக்கவில்லை, நீட்டினார்.

காலை உணவின் அருமை உடலியல் தெரிந்தால் இன்னும் புரியும். ஐந்து வயதை ஒட்டிய பிள்ளையின் மூளை, உடலுக்கு அன்றாடம் தேவைப்படும் சக்தியில் 40 விழுக்காட்டுக்கு மேல் தானே எடுத்துக்கொள்கிறது. ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையோ சிறு உடலில் கொஞ்சம்தான். இரவுத் தூக்கத்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். விடியற்காலையில் நடவுக்கோ களைபறிக்கவோ கிளம்பும் வீட்டில் பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்தால், கரும்பலகையைப் பார்க்கிற கண் இருக்கும், பார்த்ததைப் பிடித்து வைக்கிற தெம்பு இருக்காது.

"வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏன்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் எந்தப் பட்டியலிலும் இரண்டு வகைப் பிழை வரும். வேண்டாதவரைச் சேர்ப்பது ஒன்று. வேண்டியவரை விடுவது மற்றொன்று. முதல் பிழையின் விலை ஒரு தட்டுச் சோறு. இரண்டாவதின் விலை ஒரு பிள்ளையின் பசி. சலிக்கிற சல்லடையை இறுக்கினால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், யார் ஏழை என்று யாருக்கும் தெரியாது. தன்மானமுள்ள ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது சோற்றைவிடப் பெரிது.

அந்தச் சோறு தின்றவரோடு நின்றுவிடுவதும் இல்லை. 2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் சுமன் சக்ரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் இந்தியத் தரவுகளை அலசினார்கள். சிறுமியாக இருந்தபோது மதிய உணவு பரவலாகக் கிடைத்த தாய்மாருக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகள், வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள். ஏழை வீடுகளில் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. 2006 முதல் 2016 வரை நாட்டில் குழந்தைகளின் உயரத்தில் வந்த முன்னேற்றத்தில் 13 முதல் 32 விழுக்காடு வரை இதன் பங்காக இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. பள்ளித் தட்டில் விழுந்த சோறு, அடுத்த தலைமுறையின் எலும்பு வரை போயிருக்கிறது.

இருந்தும் வரிசை ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. பதினொன்றாம் வகுப்பில் சேரும் பதினாறு வயதுப் பிள்ளை அதே வீட்டிலிருந்துதான் வருகிறது, எலும்பும் தசையும் இன்னும் வளர்கிற வயது, பசியும் கூடுதல். உதவித்தொகை முதல் மற்ற உரிமைகளும் இன்னும் மனுவின் பின்னால்தான் நிற்கின்றன. ஆதாரும் ரேஷன் கார்டும் பள்ளிப் பதிவேடும் அரசிடமே இருக்கும்போது, தகுதியுள்ளவரை அரசே தேடிப் போகலாம். தாய் அலைய வேண்டியதில்லை.

செய்து பழகியவர்கள் நாம். குறிலை நெடிலாக்க ஒரு கோடு போதும். இந்தப் பந்தியையும் இன்னும் இரண்டு வகுப்புக்கு நீட்டுவோம்.