முகம், கழுத்து இவற்றின் தசைகளும் தனுர்வாதமும்

ஜவ்வாது மலையில் சாமை மூட்டையையும் புளிக்கூடையையும் தலைச்சுமையாய்க் கொண்டு இறங்குவோருக்கு, அப்பாரம் சாயாதபடி நிலைநிறுத்துவன கழுத்துத் தசைகளே. பிடரியிலிருந்து தோள் வரை பரந்த தசை தலையைப் பின்புறம் தாங்குகிறது. காதின் பின்புற எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறையெலும்புக்கும் செல்லும் தசை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டுண்டு. வலப்பக்கத் தசை சுருங்கின் முகம் இடப்பக்கம் திரும்பும். இரண்டும் கூடிச் சுருங்கின் தலை குனியும்.

முகத்தின் தசைகள் பெரும்பாலும் தோலிலே சென்று பற்றியவை. ஆதலால் அவை சுருங்குங்கால் தோலும் அசைந்து, நகையும் அழுகையும் வெளிப்படுகின்றன. கண்ணிமையை மூடுவதும் உதட்டைக் குவிப்பதும் இவையே. கன்னத்தின் பின்புறமுள்ள மெல்லும் தசையோ எலும்போடு எலும்பைப் பிணைப்பது, மிகுந்த வலிமையுடையது. பல்லைக் கடித்துக் கன்னத்தைத் தொட்டால் அது திரண்டெழுவதை எவரும் உணரலாம்.

ஒரு தசை சுருங்கும்பொழுது அதற்கு எதிரான தசை தளர்தல் வேண்டும். தளரும்படி செய்வது நரம்பின் அடக்கும் கட்டளை. இக்கட்டளையை அழிப்பதே தனுர்வாத விஷம். அதன் கிருமி வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. முள், அரிவாள், துருப்பிடித்த ஆணி ஆகியவற்றாலுண்டான காயத்தின் ஆழத்தில் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். அது நரம்பு வழியே ஏறும். முகத்தின் நரம்புகள் குறுகியவையாதலின், பெரும்பாலும் தாடையே முதலில் இறுகும். பின்னர் முகம் சிரிப்பதுபோலத் தோன்றும், கழுத்து விறைக்கும், உடல் வில்லாய் வளையும். தனுசு என்பது வில். நோயின் பெயர் இதனாலாயிற்று. காயம்பட்ட 3 முதல் 21 நாட்களுக்குள் குறிகள் தோன்றுவது வழக்கம். மூச்சுத்தசைகள் விறைப்பின் மரணம் நேரும்.

பிறந்த சிசுவுக்குத் தொப்புள் வழியே இந்நோய் வரும். முதல் 2 நாட்கள் நன்றாய்ப் பால் குடித்த சிசு, பின்பு வாய் இறுகிக் குடியாதிருப்பின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். தாய்சேய்த் தனுர்வாதத்தை இந்தியா ஒழித்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் அங்கீகரித்தது. எனினும் மண்ணிலுள்ள வித்துக்கள் ஒழியவில்லை. தடுப்பூசி தளர்ந்தால் நோய் மீளும்.

ஆகவே சங்க அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை:

1. கர்ப்பிணிகள் கர்ப்பம் தெரிந்தவுடன் ஓர் ஊசியும், 4 வாரங் கழித்து மற்றோர் ஊசியும் போட்டுக்கொள்க.

2. குழந்தைகளுக்கு 6, 10, 14-ஆம் வாரங்களிலும், பின்னர் உரிய வயதுகளிலும் ஊசி தவறலாகாது.

3. தொப்புளைச் சுத்தமான புதிய கத்தியால் அறுக்க. சாணமோ சாம்பலோ இடற்க.

4. காயத்தைச் சோப்பும் தண்ணீருங்கொண்டு கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க.

5. வாய் திறக்க இயலாதோர்க்கு நீரோ கஷாயமோ புகட்டலாகாது, புரையேறும்.

இந்நோய் ஒருமுறை வந்து நீங்கியவருக்கும் மறுமுறை வரும், ஊசியே காப்பு. களஞ்சியத்து நெல்லைக் காப்பதுபோல் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தார் ஊசி போட்ட நாட்களைக் குறித்து வைத்தல் நன்று.